‘அந்த எச்சரிக்கைக் கடிதத்தை மறைத்துவிடலாமா, அக்கா?’

இதைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதியவர் 35 வயது சிங்கப்பூரர். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் இயந்திரவியல் படித்து, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக டிப்ளோமாவும் முடித்தவர். எண்ணெய், ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பராமரிப்பு டெக்னீஷியனாக ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு பெரிய எரிசக்தி நிறுவனத்தில் புராசஸ் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பித்து, இணையத் தேர்விலும் தேறிவிட்டார். அடுத்த மாதம் மூன்று பேர் கொண்ட குழு அவரை நேர்காணல் செய்யப்போகிறது.

அவருடைய கவலைகள் இவை. தன் ஆங்கிலம் தடுமாறும். உள்ளே ஆள் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வேலையெல்லாம் கிடைக்கும். இப்போதைய வேலையில் சேர்வதற்கு முன், பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள 14 மாதம் வீட்டில் இருந்தார். அதைக் கேட்டால் என்ன சொல்வது? மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. அதைச் சொல்ல வேண்டுமா? சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்துக்காகக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதத்தை மறைத்துவிடலாமா? (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் எதை எப்படி மறைப்பது என்பதைப் பற்றித்தான் இருக்கிறது. உங்களுக்கு என்ன தெரியும் என்பது கடைசிப் பக்கத்தில், அதுவும் கூச்சத்தோடு வருகிறது. இந்தத் துறையில் ஆள் எடுக்கும் குழுக்களில் 16 ஆண்டு உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் தலைகீழாகத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் உங்கள் கேள்விகளின் வரிசையில் போகாமல், நீங்கள் அதிகம் பயப்படும் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த இரண்டு போல்ட்டுகள்

நீங்கள் எழுதியதை அப்படியே திரும்பச் சொல்கிறேன். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்த ஒரு ஷட்டவுன் சமயம். அருகருகே இரண்டு குழாய்கள். பெர்மிட்டில், அதாவது வேலை அனுமதிச் சீட்டில் இருந்தது ஒன்று, நீங்கள் ஸ்பேனரை வைத்தது இன்னொன்று. இரண்டு போல்ட்டைத் தளர்த்தியதும் குழாய் இணைப்பான ஃபிளாஞ்சிலிருந்து சூடாக நீர் கசிந்தது. உடனே கையை எடுத்தீர்கள். டேக்கில் இருந்த எண்ணையும் குழாயில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்கள், வேறு வேறு. உடனிருந்தவரையும் விலகச் சொல்லிவிட்டு, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னீர்கள். யாருக்கும் காயமில்லை. உங்களுக்கு ஒரு கடிதம் கிடைத்தது. “அது தெரிந்தால் கதை முடிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். இருபது வருட அனுபவமுள்ள ஒருவர் நேர்காணலுக்கு வந்திருந்தார். வேலையில் நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டோம். “என் கையில் இதுவரை ஒரு தவறும் நடந்ததில்லை” என்றார், பெருமையாக. என் பக்கத்தில் இருந்த ஆலை மேலாளர் பேனாவை மூடி வைத்தார். மீதி இருபது நிமிடம் மரியாதைக்காக நடந்தது. அந்த மனிதர் பொய் சொன்னார் என்று நாங்கள் நினைக்கவில்லை. தவறு நடந்தாலும் இவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தாலும் சொல்லமாட்டார் என்று நினைத்தோம். எண்ணெய் ஆலையில் இரண்டுமே ஆபத்து.

1988 ஜூலை 6-ஆம் தேதி வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும், வால்வு இல்லாத இந்தப் பம்ப்பை ஓடவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தத் தொழிலில் பெர்மிட்டும் ஷிப்ட் கைமாற்றமும் வேதம் மாதிரி. உங்கள் கதையும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: தாளில் ஒன்று, தரையில் வேறொன்று. வித்தியாசம், நீங்கள் இரண்டாவது போல்ட்டில் நிறுத்திவிட்டீர்கள்.

“வேலையை நிறுத்திய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்”, “செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்”. இவற்றில் ஏதோ ஒன்று நிச்சயம் வரும். அப்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். முதலில் நிலைமையை இரண்டே வரியில். பிறகு உங்கள் பொறுப்பு என்ன, தவறு எது: “டேக் எண்ணை நான் தொட்டுப் பார்த்து ஒப்பிடவில்லை.” பிறகு என்ன செய்தீர்கள். கடைசியாக, அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள். இப்போதெல்லாம் ஸ்பேனரை வைக்கும் முன் உடனிருப்பவரிடம் எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைக் கடிதத்தின் மூலையில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். நேர்காணலில் அதுதான் தலைப்புச் செய்தி. மேற்பார்வையாளர் திட்டினார், பெர்மிட் எழுதியவர் சரியில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம்; வாயைத் திறக்காதீர்கள். எந்த ஆலை, யாருடைய ஆலை என்ற பெயரும் வேண்டாம்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். சில குழுக்கள் இதை உங்களுக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காமல் நீங்களே அறைக்குள் நுழைந்ததும் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கவும் தேவையில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று கேட்டு, நீங்கள் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அது பிறகு வெளியே வரும் நாளில் போல்ட் பிரச்சினை போய்ப் பொய்ப் பிரச்சினை வரும். வேலையில் சேர்ந்த பிறகும் அதைக் காரணம் காட்டி நீக்கலாம். ஜூரோங் தீவு ஏழு தீவுகளைச் சேர்த்து உருவாக்கிய பெரிய இடம்தான். ஆனால் ஆள் பழக்கத்தில் அது ஒரு சின்னக் கம்பம், கிராமம் மாதிரி. இன்று வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் உங்களோடு நின்றவர் நாளைக்கு அந்தப் பக்கம் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவார்.

அறைக்குள் நடப்பது

மூன்று பேர் என்றால் பெரும்பாலும் மனிதவளத்திலிருந்து ஒருவர், ஒரு பொறியாளர், ஒரு ஷிப்ட் மேற்பார்வையாளர். சிரித்துப் பேசும் மனிதவள அதிகாரியைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருப்பது நம் ஆட்களின் வழக்கம். என் அனுபவத்தில் கனமான ஓட்டு அந்த ஷிப்ட் மேற்பார்வையாளருடையது. அவர் அதிகம் பேசமாட்டார். ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும்போது இந்த ஆளை நம்பி வெளியே அனுப்பலாமா என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

அவர் கேட்கும் கேள்விகள் புத்தகத்தில் இருக்காது. உதாரணமாக: ‘பம்ப் ஓடுகிறது, வெளியேறும் பக்கம் அழுத்தம் விழுகிறது. என்ன செய்வீர்கள்?’ பராமரிப்பில் இருந்தவர்கள் உடனே கழற்றத் தொடங்கிவிடுவார்கள், வாயாலேயே. ஆனால் நீங்கள் போவது ஆலையை ஓட்டும் வேலைக்கு. முதலில் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லுங்கள், அங்கே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். தொட்டியில் மட்டம் இருக்கிறதா, உறிஞ்சும் பக்கத்து வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, பம்ப்புக்குள் சரளைக்கல் உருளுவது மாதிரி சத்தம் வருகிறதா என்று வரிசையாகப் போங்கள். விடையைவிட அந்த வரிசைக்குத்தான் மதிப்பெண்.

இன்னொரு பழைய தந்திரக் கேள்வி: ‘அழுகிய முட்டை வாடை வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. இப்போது நிலைமை என்ன?’ வாயு போய்விட்டது என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றது என்றால் நிலைமை மோசமாகியிருக்கலாம். காற்றடிக்கும் திசையைப் பார்த்து விலகுவதும், தகவல் சொல்வதும், மூக்கை நம்பாமல் மீட்டரை நம்புவதும்தான் பதில்.

அப்புறம் அழுத்திப் பார்ப்பார்கள். ‘பெர்மிட் முடியப் பத்து நிமிடம் இருக்கிறது, வேலைக்கு இருபது நிமிடம் தேவை, மேலாளர் முடித்துவிடு என்கிறார்’ என்பார்கள். நிறுத்திவிட்டு பெர்மிட்டைப் புதுப்பிப்பேன் என்பீர்கள். “ஆனால் உற்பத்தி நிற்கிறதே, எவ்வளவு நஷ்டம் தெரியுமா?” என்று குரலை உயர்த்துவார்கள். கோபம் இல்லை, நாடகம். நாலு முறை கேட்டாலும் அதே பதிலை, குரலை உயர்த்தாமல் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறார்கள். எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களின் அனைத்துலகச் சங்கம் 2018-இல் வெளியிட்ட உயிர்காக்கும் விதிகள் ஒன்பது இருக்கின்றன. வேலை அனுமதி, ஆற்றல் மூலங்களைத் துண்டித்துப் பூட்டுவது, அடைபட்ட இடம், உயரத்தில் வேலை, தீப்பொறி வரும் வேலை என்று போகும். படித்துவிட்டுப் போங்கள். ஒப்பிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஆறு ஆண்டிலிருந்து ஒரு நாளை ஞாபகப்படுத்தி வைத்துக்கொண்டால் போதும்.

‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்ற கேள்விக்கு இணையப்பக்கத்தின் முதல் பத்தியை மனப்பாடம் செய்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். முதலில் அந்த நிறுவனம் எண்ணெயைச் சுத்திகரிக்கிறதா, மின்சாரம் தயாரிக்கிறதா, எரிவாயு இறக்குமதி செய்கிறதா என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். புக்கோம் தீவில் 1961-இல் ஷெல் தொடங்கிய ஆலை 2025-இல் கைமாறி, இப்போது ஆஸ்டர் என்ற பெயரில் நடக்கிறது. பழைய முதலாளியைப் புகழ்ந்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்! அதன்பிறகு உங்கள் வேலையோடு அதைச் சேர்த்துப் பேசுங்கள். சிங்கப்பூரில் கரிம வரி 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளியாக ஆரம்பித்தது, 2024-இல் 25, 2026-இல் 45. ஒழுகும் ஒரு ஸ்டீம் டிராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வடிக்கும் கருவி) எரிபொருளையும் தின்கிறது, அந்த எரிபொருளுக்கான வரியையும் சேர்த்துத் தின்கிறது. ஆறு வருடமாக அவற்றை மாற்றிக்கொண்டிருந்தவர் நீங்கள். இதைவிட நல்ல பதில் எந்த இணையப்பக்கத்திலும் கிடைக்காது.

ஆங்கிலமும் லோபாங்கும்

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. ஆலையில் வேண்டியது அலங்கார ஆங்கிலம் இல்லை. ரேடியோவில் ‘பன்னிரண்டாம் வால்வை மூடு’ என்று வந்தால் அதையே திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவோமே, அந்த ஆங்கிலம்தான். நேர்காணலிலும் அதையே செய்யுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் “நீங்கள் கேட்பது இதுதானே?” என்று திருப்பிக் கேளுங்கள். குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பலருக்கு அது பிடிக்கும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். உங்கள் கடிதம் முழுக்க ‘நாங்கள் செய்தோம்’, ‘நாங்கள் மாற்றினோம்’. நம் வீடுகளில் ‘நான், நான்’ என்று பேசுகிறவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். அப்படி வளர்ந்த நாக்கு ஆங்கிலத்திலும் ‘வீ’ என்றே ஆரம்பிக்கும். குழுவுக்கோ உங்கள் கை எது, மற்றவர் கை எது என்று பிரிக்கத் தெரியாது. கடைசியில் உங்கள் வேலை உங்கள் கணக்கில் ஏறாது. எத்தனை பேர் இதில் விழுந்திருக்கிறார்கள் தெரியுமா? குழு செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, “அதில் என் பங்கு” என்று தொடருங்கள். அது தற்பெருமை ஆகாது.

அடுத்து லோபாங், அதாவது உள்ளே ஆள் தெரிந்திருக்கும் விஷயம். உள்ளே இருப்பவர் பரிந்துரைத்தால் உங்கள் விவரம் சீக்கிரம் கண்ணில் படும், உண்மை. ஆனால் பம்ப் கேள்விக்கு அவர் வந்து பதில் சொல்லமாட்டார். அதுவும் போக, யாரையும் தெரியாமலேயே நீங்கள் நேர்காணல்வரை வந்துவிட்டீர்களே!

இடைவெளி, குழந்தை, சம்பளம்

அப்பாவைப் பார்த்துக்கொண்ட 14 மாதத்தை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. ‘குடும்பப் பராமரிப்பு’ என்று மாதங்களோடு ஒரு வரி எழுதுங்கள். கேட்டால் இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். அனுதாபம் தேடும் தொனி வேண்டாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், பாகுபாடு காட்டக்கூடாத அம்சங்களில் பராமரிப்புப் பொறுப்பையும் சேர்த்திருக்கிறது. இனம், மதம், வயது, திருமண நிலை, கர்ப்பம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் நடப்புக்கு வரும்வரைக்கும்கூட, வேலைக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் கேள்விகளைக் கேட்கக்கூடாது என்று நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டிகள் ஏற்கெனவே சொல்கின்றன. அப்படிக் கேட்டால் சண்டை போட வேண்டாம். “ஷிப்ட் வேலைக்கு நான் தயார், வீட்டில் அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறேன்” என்று வேலைக்குத் திருப்புங்கள். பிறகு உறுத்தினால், நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பிடம் புகார் செய்யலாம்.

அதனால் மனைவி கர்ப்பமாக இருப்பதை நேர்காணலில் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் குழந்தை பிறந்தால் தந்தைக்கு இப்போது நான்கு வார அரசாங்கச் சம்பளத்துடன் விடுப்பு. அதற்கு, குழந்தை பிறப்பதற்கு முன் அதே முதலாளியிடம் தொடர்ந்து மூன்று மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. ஐந்து மாதம் என்கிறீர்கள். அடுத்த மாதம் நேர்காணல், அதன்பின் மருத்துவச் சோதனை, நோட்டீஸ் காலம். கணக்குப் போட்டால் குழந்தை பிறக்கும்போது புதிய இடத்தில் மூன்று மாதம் ஆகியிருக்காது. வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். சேரும் தேதியைத் தள்ளிப்போடலாமா, இல்லையென்றால் நிறுவனமே ஏதாவது விடுப்புத் தருமா என்று கேட்பதில் தவறில்லை. முதலில் வீட்டில் பேசுங்கள், அது முக்கியம்.

சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டோ மத்திய சேம நிதி அறிக்கையோ கேட்பார்கள், அதிலிருந்து கணக்குப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும். பதிலாக எதிர்பார்க்கும் சம்பளத்தைப் பேசுங்கள். அடிப்படைச் சம்பளம், ஷிப்ட் படி, போனஸ் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஷிப்ட் 12 மணி நேரமா, எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஓய்வு, தீபாவளியன்று ஷிப்ட் விழுந்தால் எப்படி என்றும் கேளுங்கள். ஷிப்ட் படியைச் சேர்த்துச் சொன்ன தொகையை அடிப்படை என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

கடைசியாக மருத்துவச் சோதனை. ‘வேலை கிடைத்துவிட்டது’ என்று வரும் முதல் கடிதம் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். கேட்கும் திறன், நிறங்களைப் பிரித்தறியும் பார்வை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடிவு வந்த பிறகே இப்போதைய வேலையை விடுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எவ்வளவு என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வேலை நியமனச் சட்டப்படி நான்கு வாரம்.

கோட் போடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முழுக்கைச் சட்டை, மூடிய காலணி போதும். ஆலையைச் சுற்றிக் காட்டினால் ஹெல்மெட்டும் மேலாடையும் அவர்களே தருவார்கள். தைப்பூசத்துக்கு விரதமிருந்து தாடி வளர்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நேர்காணலுக்கு அது பரவாயில்லை. ஆனால் முகத்தோடு ஒட்டும் சுவாசக் கவசம் தாடிமேல் சரியாக உட்காராது, ஓரத்தில் வாயு நுழையும். வேலையில் சேர்ந்த பிறகு விரத மாதத்தில் என்ன செய்வது என்பதை அந்த ஷிப்ட் மேற்பார்வையாளரிடமே கேளுங்கள். நம் பையன்கள் பலர் ஏற்கெனவே கேட்ட கேள்விதான், அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.